கவுன்சலிங் மிஸ்ஸை எனக்குத் தெரியாது

போன வருடம் ஆடித்தபசு முடிந்த மறுவாரம் நடந்தது இது. சங்கரன்கோவிலில் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். என் மகளும் அங்கேதான் ஒன்பதாவது, என் வகுப்பிலேயே.

பிள்ளைகளின் மனக்கஷ்டங்களைக் கேட்பதற்கென்றே எங்கள் பள்ளிக்கு ஒரு மனநல ஆலோசகர் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகளுக்கு அவர் 'கவுன்சலிங் மிஸ்'. ஸ்டாஃப் ரூமில் எங்களுக்கு 'நாலு மணி மேடம்'. பெல் அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிடுவார். ஆண்டு விழா ஒத்திகை, யாருக்காவது வளைகாப்பு என்று எதற்கும் நின்றதில்லை. வீட்டைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒண்டிக்கட்டை, தலைக்கனம் பிடித்தவர் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம்.

டெஸ்ட் இருக்கும் நாளெல்லாம் என் மகளுக்கு வயிற்றுவலி வரும். ஸ்கேன் வரை எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை. ஒரு வியாழக்கிழமை அந்த மிஸ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், புள்ளைக்கு வயித்துல ஒண்ணுமில்ல. பயந்துபோய் இருக்கா. உங்களப் பார்த்துத்தான் பயப்படுதா."

எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளையைப் பற்றி இவர் யார் எனக்குச் சொல்ல?

"பெத்து வளத்துப் பாத்தாத்தானே தெரியும்? புள்ள குட்டி இல்லாதவங்க சொல்லுத யோசனைய எல்லாம் நான் கேக்கணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "தினம் ஒரு பத்து நிமிஷம் மார்க்கப் பத்திப் பேசாம அவகூட சும்மா இருங்க டீச்சர். அது போதும்."

நான் கதவைச் சாத்திய சத்தம் பக்கத்து வகுப்பு வரை கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை காலை, பிரேயரில் தலைமையாசிரியை மைக்கைப் பிடித்தபடி பேச முடியாமல் நின்றார். ஞாயிறு மதியம் அந்த மிஸ்ஸுக்கு நெஞ்சுவலி. திருநெல்வேலி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. கேட்ட கேள்வியும் சாத்திய கதவும்தான் அவருக்கு நான் கடைசியாகக் கொடுத்தவை.

வேன் பிடித்துக் கரிவலத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனோம். நானும் வருவேன் என்று என் மகள் பிடிவாதமாக ஏறிக்கொண்டாள்.

கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். மாலை போட்டு நிமிர்ந்தபோதுதான் உள்ளறைக் கட்டிலைப் பார்த்தேன். இருபது வயது இருக்கும் ஒருவன். சூம்பிய கால்கள், மடங்கிப் போன கைகள். கண் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா மகன்" என்றார் பக்கத்தில் இருந்த மிஸ்ஸின் தங்கை. "பொறந்ததுலேருந்து இப்படித்தான். பேச்சும் கிடையாது. அத்தான் விட்டுட்டுப் போயி பதினஞ்சு வருஷம் ஆச்சு. இவன் மனசுல என்ன இருக்குன்னு தெரியணும்னுதான் அக்கா இந்தப் படிப்பையே தபால்ல படிச்சா. பகல்ல ஒரு ஆள் பாத்துக்கும். அந்த ஆள் போற அஞ்சு மணிக்குள்ள அக்கா வந்துரணும். நேத்து மத்தியானத்துலேருந்து இவனுக்குப் பச்சத்தண்ணி எறங்கல. யாரு குடுத்தாலும் வாயத் தெறக்க மாட்டேங்கான்."

புள்ள குட்டி இல்லாதவர். நான் சொன்ன வார்த்தை.

அப்போது என் மகள் என்னைத் தாண்டி நேராக அந்தக் கட்டிலுக்குப் போனாள். எல்லோரும் பார்த்தோம். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் விரலுக்கடியில் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"அண்ணே, பசிக்கா?"

அவன் விரல் ஒரு தடவை அசைந்தது.

"ஆமான்னு சொல்லுதாங்க" என்றாள் திரும்பி. "கஞ்சி இருக்கா சித்தி?"

அரை டம்ளர் கஞ்சி. ஒவ்வொரு ஸ்பூனுக்கும் அவள் காத்திருந்தாள். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. ஆனால் குடித்தான். தங்கை சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதார்.

வேனில் திரும்பும்போது மகளிடம் கேட்டேன், உனக்கு எப்படித் தெரியும் என்று.

"மிஸ் எங்க எல்லார்ட்டயும் அண்ணனப் பத்திச் சொல்லுவாங்களே. ஒருக்கா அசைச்சா ஆமா, ரெண்டு தடவன்னா வேண்டாம். நீங்க யாரும் மிஸ்கிட்ட கேக்கவே இல்லையாம்மா?"

அவளிடம் நான் மறைக்கவில்லை. வியாழக்கிழமை என்ன சொன்னேன் என்பதை அங்கேயே சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் விடைத்தாள் கட்டை மூடி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று எனக்கே தெரியவில்லை. அவளும் பேசவில்லை. ஆனால் எழுந்து போகவில்லை. வயிற்றுவலி ஒரே நாளில் போய்விடவில்லை. தீபாவளிக்கு அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது.

அந்தப் பையன் இப்போது வாசுதேவநல்லூரில் சித்தி வீட்டில் இருக்கிறான். மாதம் ஒருமுறை நாங்கள் இருவரும் போய் வருகிறோம். அவன் அம்மாவைப் பற்றிப் பிள்ளைகள் சொல்வதையெல்லாம் அவனிடம் சொல்கிறேன். நான் சொன்னதை மட்டும் இன்னும் சொல்லத் துணியவில்லை.

மூன்று வருடம் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாயை, அவர் போன பிறகு, என் மகள் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். அந்த வெட்கம் என்னை விட்டுப் போகக் கூடாது என்றே நினைக்கிறேன்.