இரண்டு கையிலும் பூ வைத்திருந்த நண்டு

மூன்று வருஷத்துக்கு முன்னால், மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் காத்திருப்பு ஹாலில் நடந்தது. என் கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. வாரம் ஒரு தடவை உசிலம்பட்டியிலிருந்து தங்கச்சியோடு பஸ் ஏறி வருவேன். மாத்திரை மயக்கமோ வியாதி மயக்கமோ, பாதி நேரம் கனவுக்குள் நடப்பது மாதிரியே இருக்கும்.

அந்த ஹாலில் கடல்தண்ணீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டி ஒன்று. உள்ளே பவளப்பாறை இடுக்கில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நண்டு. நண்டு என்றால் எனக்குக் குழம்புதான் ஞாபகம் வரும். இதுவோ மஞ்சளும் ரோஸுமாகக் கட்டம் போட்ட உடம்பு, இரண்டு கையிலும் கைக்கொன்றாக வெள்ளைப் பூ. மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்கும்.

"பூ இல்லண்ணே, அதுவும் உசிருதான். கடல் சாமந்தி. அத ஆட்டித்தான் எதிரிய வெரட்டும்" என்றாள் தொட்டி கழுவ வரும் பெண்.

தங்கச்சி தன் கல்லீரலில் ஒரு பகுதியைத் தருவதாக ஒற்றைக் காலில் நின்றாள். நான் மறுத்துவிட்டேன். அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

"வெட்டிக் குடுத்தாலும் ரெண்டு பேருக்கும் வளந்துரும்னு டாக்டர் சொல்றாருல்ல. ஏண்ணே இம்புட்டு பிடிவாதம்?"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவளுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பிள்ளைகள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

ஒரு வாரம் போனபோது நண்டின் ஒரு கை காலி. தொட்டியைக் கழுவும்போது குழாய் ஒரு பூவை இழுத்துவிட்டதாம். அன்றைக்குத் திரும்பும்போது, பஸ்ஸில் கண்ணை மூடினால், காய்ந்த காட்டுக்கு மேலே அந்த நண்டு ஒற்றைப் பூவை ஆட்டிக்கொண்டே கூட வந்தது.

அடுத்த வாரம் பார்த்தால் இரண்டு கையிலும் பூ. இரண்டுமே பொடிசு.

"நான் ஒண்ணும் வைக்கலண்ணே. இருந்ததையே அது ரெண்டாப் பிச்சு கைக்கு ஒண்ணா வச்சுக்கிருச்சு. வளந்துரும், பாருங்க" என்றாள் தொட்டி கழுவும் பெண்.

பார்த்தேன். வாரா வாரம் பார்த்தேன். இரண்டும் வளர்ந்தன. நாலாவது வாரம் தொட்டியைப் பார்த்தபடியே தங்கச்சியிடம், "சரி, டாக்டர்ட்ட சொல்லிரு" என்றேன். மயக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, "என்னத்தண்ணே?" என்று கேட்டாள். அவள் தருவதை வாங்கிக்கொள்ளச் சம்மதம் என்று சொன்னதும் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

டாக்டர் படம் வரைந்து சொன்னதை நம்பாதவன் ஒரு நண்டை நம்பினேன் என்று, ஆபரேஷன் முடிந்து இரண்டு பேரும் தேறிய பிறகும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் ஆயுசுக்கும் கிண்டல் செய்வாள். ஆனால் இரண்டு கையிலும் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதெல்லாம், கொடுத்தவள் குறைந்துபோகவில்லை என்று என் மனசு ஒவ்வொரு தடவையும் புதிதாக நிம்மதி அடைகிறது.