நிற்க மறுத்த எஞ்சின்

தொழிற்சாலையில் அவளுக்குத் தீப்பெட்டியக்கா என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கேட்ட ஒரே ஒரு கேள்வி அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்துவிட்டது. எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல எங்க தீக்குச்சி கிழிப்பாங்க?" என்று போர்மேனிடம் கேட்டாள். கூட நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். போர்மேன் சிரிக்கவில்லை. டீசல் எஞ்சினில் தீக்குச்சியும் கிடையாது, பொறியும் கிடையாது. காற்றை ஓர் உருளைக்குள் அடைத்து நெருக்கு நெருக்கென்று நெருக்கினால் அது தானாகவே காய்ந்து தகிக்கும், அதன்மேல் டீசலைப் பீய்ச்சினால் குப்பென்று பற்றிக்கொள்ளும் என்று பொறுமையாகச் சொன்னார்.

"வெறும் காத்தா?"

"வெறும் காத்துதான்."

அன்றைக்குப் பிளந்த வாயை அவள் இன்னும் மூடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். தலை நரைத்து, மகளுக்குக் கல்யாணமும் செய்து முடித்த பிறகும், ஒவ்வொரு எஞ்சின் முன்னாலும் அவள் புதுசாக நின்றாள்.

அந்தத் தொழிற்சாலை வண்டி செய்வதில்லை. எஞ்சின் மட்டும்தான். சக்கரமும் சீட்டும் பெயின்ட்டும் பெயரும் வேறு வேறு கம்பெனிகளுடையவை. அறுவடை இயந்திரம், ரோடு ரோலர், மீன்பிடிப் படகு, ஆம்புலன்ஸ், விமான நிலையத்தில் பெட்டி இழுக்கும் குட்டி வண்டி என்று எது எதற்குள்ளோ போய் ஒளிந்துகொண்டு இந்த எஞ்சின்கள் உழைத்தன. மூடியைத் திறந்து பார்த்தால்தான் இவர்கள் முத்திரை தெரியும். யார் திறந்து பார்க்கிறார்கள்? ஆனால் அவளுக்குத் திறக்க வேண்டியதே இல்லை. தெருவில் ஏதாவது உறுமிக்கொண்டு போனால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். "நான் ராத்திரி முழுக்க இருமினாலும் இவளுக்குக் காதுல விழாது. தெருமுனையில லாரி இருமினா எழுந்து ஓடிடுவா" என்று தையல் மெஷினில் இருந்து தலையை எடுக்காமலே சொல்வார் அவள் கணவர்.

அவள் வேலை, கட்டி முடித்த எஞ்சினை முதன்முதலாக ஓடவைப்பது. அதற்கென்று ஒரு சின்ன அறை. தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள்; அந்தப் பக்கம் இரும்பு மேடையில் போல்ட் போட்டு இறுக்கிய எஞ்சின். பட்டனை அழுத்தியதும் அது ஒரு முறை முனகும், இரண்டு முறை தடுமாறும், வெள்ளைப் புகையாகத் துப்பும். பிறகு பிடித்துக்கொள்ளும். ஒரு நிமிஷம் முன்னால் வரைக்கும் வெறும் இரும்பாகக் கிடந்தது, இப்போது தரையையே நடுங்க வைக்கிறது. நாள் தவறாமல் பார்த்தும் அவளுக்கு அது அலுக்கவில்லை. சில நாள் தன்னையறியாமல் கை கூப்பிவிடுவாள். பக்கத்து அறைக்காரர்கள் கேலி செய்தால், "உங்களுக்கு மரத்துப் போச்சுடா, நான் என்ன பண்ணுறது" என்பாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எஞ்சினை ஓட்டத்துக்குத் தயார் செய்யும் வேலைக்கு வந்து சேர்ந்தவன் வேறு யாருமல்ல, அவள் மகளைக் கட்டியவன்தான். ஆயில் ஊற்றுவது, குழாய்களை மாட்டுவது, ஓடும்போது டார்ச் அடித்து எங்கேயாவது கசிகிறதா என்று பார்ப்பது எல்லாம் அவன் பொறுப்பு. அவளுக்கோ பெரிய தர்மசங்கடம். மருமகனுக்கு மரியாதை கொடுக்க வேண்டும். கீழே வேலை செய்பவனைத் திட்டாமலும் இருக்க முடியாது. கடைசியில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டாள். "மாப்பிள்ளை, அந்த ஹோஸ இன்னொரு தடவை கோணலா மாட்டினீங்கன்னா முதுகுத் தோல உரிச்சிடுவேங்க." இதைக் கேட்பதற்காகவே ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வருவார்கள். அவனும் "சரிங்க அத்தை" என்று பவ்வியமாகச் சொல்லிவிட்டு மறுபடி கோணலாகத்தான் மாட்டுவான்.

அன்று காலை மேடையில் இருந்தது ஒரு மீட்புப் படகுக்குப் போக வேண்டிய எஞ்சின். பட்டனை அழுத்தினாள். நல்ல பிள்ளையாகப் பிடித்துக்கொண்டது. சூடேறட்டும் என்று காத்திருந்துவிட்டு வேகத்தைக் கூட்டினாள். மருமகன் எஞ்சினுக்கும் சுவருக்கும் நடுவில் குனிந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தான்.

வேகமுள் ஏறியது. போதும் என்று அவள் குறைத்தாள். முள் ஏறிக்கொண்டே இருந்தது.

டீசலை அடைத்தாள். எந்த எஞ்சினும் அந்த இடத்தில் நின்றாக வேண்டும். இது நிற்கவில்லை. இன்னும் வேகமாக ஓடியது. உறுமல் ஊளையாக மாறியது. புகைக்குழாயில் இருந்து நீலப் புகை திரண்டு வந்து அறையை நிறைத்தது. ஆயில் அளவுக்கு மீறிப் போனால் இப்படி ஆகும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதிகப்படி ஆயில் ஆவியாகிக் காற்றோடு சேர்ந்து உள்ளே போகும். எஞ்சின் தன் ஆயிலையே குடித்து ஓடும். சாவியைப் பிடுங்கினாலும் நிற்காது. ஆயில் தீரும்வரை ஓடும், இல்லாவிட்டால் வெடித்துச் சிதறும். எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், அதுதான் விதி. அவன் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தான். கதவுக்கு வர வேண்டுமானால் அதிர்ந்துகொண்டிருக்கும் அந்த எஞ்சினை உரசிக்கொண்டுதான் வர வேண்டும். சுவரோடு சுவராக ஒட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான்.

அவளுக்கு மகள் முகம்தான் முன்னால் வந்தது. வேறு எதுவும் தோன்றவில்லை.

கதவோரம் ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் தடித்த ரப்பர் ஒட்டிய பலகை. எஞ்சின் காற்றை உள்ளே இழுக்கும் வாயை அடைத்து அதை நிறுத்துவதற்காகத்தான் அது அங்கே இருந்தது. அந்த வேலைக்கு யாரும் அதை எடுத்ததில்லை. டீ தம்ளர்களை வைத்துத் தூக்கிவரத்தான் பயன்பட்டது. வட்ட வட்டமாகக் கறை படிந்திருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

சத்தம் மார்பில் மோதியது. இத்தனை வருஷம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கும்பிட்டது இதைத்தானா என்று இருந்தது. டீசலும் கேட்கவில்லை, அவளுடைய பட்டனும் கேட்கவில்லை. காற்று ஒன்று போதும் என்று அது பாட்டுக்கு ஓடியது. அந்தப் பயத்திலும் அவளுக்குப் புல்லரித்தது. பலகையைக் காற்று வாயில் வைத்து அழுத்தினாள். அது லபக்கென்று இழுத்தது. பலகை கையில் நில்லாமல் துள்ளியது. ஓரத்தில் இடைவெளி விழுந்து, அந்த வழியாகக் காற்று விசிலடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது.

"ஓடுடா! கதவு தொறந்திருக்கு, ஓடுடா!" என்று கத்தினாள். மாப்பிள்ளையும் மரியாதையும் எங்கேயோ பறந்துவிட்டன.

புகைக்குள் அவன் தன்னைக் கடந்து போவது தெரிந்தது. அப்பாடா, போய்விட்டான் என்று நினைத்தாள். தன் கை இனித் தாங்காது என்பதும் தெரிந்தது. அப்போது அவள் கைகளின் மேல் இன்னும் இரண்டு கைகள் வந்து விழுந்தன. வாசல்வரை போனவன் திரும்பி வந்திருந்தான். இருவருமாக உடம்பையே சாய்த்து அழுத்தினார்கள். விசில் நின்றது. எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கியது, விக்கியது, இன்னொரு முறை விக்கியது, நின்றது.

அப்புறம் இருந்த அமைதியில் அவளுடைய மூச்சே அவளுக்குச் சத்தமாகக் கேட்டது. இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்கள் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்கள்.

ஆயில் எப்படி அதிகமானது என்று போர்மேன் கேட்டதும் அவன் மறைக்கவில்லை. "ரெண்டு தடவை ஊத்தினது நான்தான் சார்" என்று எழுந்து நின்றான். ஆயில் ஊற்றியவுடன் மூடியில் சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஊற்றியிருக்கிறான், கட்டவில்லை, எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்து, துணி இல்லையே என்று மறுபடியும் ஊற்றியிருக்கிறான். போர்மேன் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். அவனை ஒரு வாரத்துக்குக் கிடங்குக்கு அனுப்பினார்.

அவள் விடவில்லை. கிடங்குக்குப் போகும் நடையில் மறித்துக்கொண்டாள். உயிர் பிழைத்த பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது, அதுவும் ஒன்றுக்கு இரண்டாக.

"துணி கட்டக்கூட மறந்துட்டு அப்படி எங்க போனீங்க?"

"போன் வந்துச்சு அத்தை."

"யாரு போன்?"

"உங்க பொண்ணுதான்."

"தெனம் வீட்டுல பாக்கிற மூஞ்சிதானே! அப்படி என்ன தலைபோற பேச்சு? இப்ப நெசமாவே தலை போயிருக்கும், தெரியுதா?" அடிக்கவே கை ஓங்கிவிட்டாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "உண்டாகியிருக்காளாம் அத்தை. சாயங்காலம் அவளே உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு இருக்கா. நான் சொல்லிட்டேன்னு காட்டிக்காதீங்க."

ஓங்கிய கை அப்படியே அவன் தோளில் இறங்கியது. நடையில் ஆட்கள் போனார்கள், வந்தார்கள்.

சாயங்காலம் மகள் வந்தாள், பின்னால் அவன். எப்படி ஆச்சரியப்பட வேண்டும் என்று தீப்பெட்டியக்கா வேலை விட்டு வந்த வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். காலையில் நடந்ததைப் பற்றி வீட்டில் மூச்சு விடக்கூடாது என்றும் அவளும் மருமகனும் பேசி வைத்திருந்தார்கள். மகள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வெட்கத்தோடு, "அம்மா, நீ பாட்டி ஆகப்போற" என்றாள்.

ஒத்திகை எல்லாம் காற்றில் போயிற்று. அவள் எழுந்து போய் மருமகனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். தையல் மெஷின் நின்றுவிட்டது. மகள் ஒன்றும் புரியாமல் அப்பாவைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, நான் இங்க இருக்கேன்! புள்ள என் வயித்துல. நீ என்ன அவரைப் புடிச்சுக்கிட்டு அழற?"

"சந்தோஷம்டி" என்றாள் அவள். கையை மட்டும் விடவில்லை.