வலது பக்கம் செத்த பெட்டி

"இந்தப் பொட்டியில வலது பக்கம் செத்துக் கிடக்கு. இடது பக்கம் மட்டும்தான் பேசுது. காசு குடுத்து வாங்கினவன் சொல்றேன், யாரும் வாங்காதீங்க. நான் தகரத்தத் தட்டிப் பாத்தே குத்தம் சொல்றவன். என்கிட்ட ஏமாத்து வேல நடக்காது."

டிவி சத்தத்தைச் சுற்றிலும் உள்ள ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஹோம் தியேட்டர் ரிசீவர் பெட்டியை விற்கிற கடையின் இணையப் பக்கத்தில், வாங்கியவர்கள் கருத்து சொல்கிற இடத்தில், ஒற்றை நட்சத்திரத்தோடு இப்படி ஒரு பதிவு ஏறியது. ஏற்றியவர் சுத்தியார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது வங்கிப் புத்தகத்தில் தூங்குகிறது. நசுங்கின வண்டியைச் சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்துகிற டிங்கர் வேலை அவருக்கு. அதனால் தெருவே அவரைச் சுத்தியார் என்று கூப்பிட்டது.

சும்மா வந்த பெயர் இல்லை அது. அவர் சரிசெய்து கொடுத்த கதவில் எந்த இடத்தில் அடிபட்டது என்று வண்டிக்காரனே தடவித் தேடுவான். பள்ளிக்கூடம் அவரைச் சீக்கிரமே விட்டுவிட்டது. அவர்தான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டதாக அவர் சொல்வார். சொந்தப் பட்டறை, சொந்த வீடு, மகனுக்கு ஒரு பட்டம், மூன்றும் அந்தச் சுத்தியலிலிருந்து வந்தவை. இதையும் அவர் யாரும் கேட்காமலே சொல்வார். சொல்லட்டுமே. உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் வந்து சொல்லப் போகிறார்கள்?

ரிசீவர் வீட்டுக்கு வந்ததே ஒரு சண்டையில்தான்.

பட்டறைக்குள் ஒரு வேன் பின்னால் வந்தது. ஓட்டியவன் ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தான். பெஞ்சில் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த சுத்தியார் திரும்பவே இல்லை. பட்டறையில் வண்டிகளுக்கு வண்ணம் அடிக்கிற பெயின்டர் ஓடிவந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திராவிட்டால் அன்றைக்கு அவரையே நிமிர்த்தவேண்டி வந்திருக்கும். பெயின்டர் இதை சுத்தியாரின் மனைவியிடம் சொன்னார். மனைவி மகனிடம் சொன்னார். மகன் ஆபீஸ் வேலைக்காரன். எதையும் முடித்துவைக்கத் துடிப்பவன்.

"அப்பா, காது டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுவோம். காது சரியில்லன்னா பட்டறைய வாடகைக்கு விட்டுடலாம். செல்போன் கடை போட ஒருத்தர் கேட்டுட்டே இருக்கார்."

"என் காதுக்கு என்ன கேடு? நீ மாடியில முணுமுணுக்கிறது எனக்குக் கீழ கேக்குது."

"நீங்க வைக்கிற டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குதுப்பா."

"அது டிவியோட குத்தம். டப்பா சவுண்டு. ஒழுங்கானத வாங்கிப் போடறேன், அப்புறம் வந்து பேசு."

அன்றிலிருந்து கைப்பேசியில் விரலை வைத்து எழுத்துக்கூட்டி, வாங்கியவர்கள் எழுதியதையெல்லாம் படித்தார். ஒருவர், ரிமோட்டில் பட்டன் அதிகம், மாமியாருக்குப் புரியவில்லை என்று இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்தார். இன்னொருவர், அட்டைப்பெட்டி அழகாக இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை என்று நான்கு கொடுத்திருந்தார். சூடாகிறது என்றார் ஒருவர். குளிர்காலத்துக்கு நல்லது என்று அவருக்குக் கீழே இன்னொருவர் பதில் போட்டிருந்தார். ஓர் ஆள் மட்டும், "ஜன்னல் அதிருது. பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வந்துட்டான்" என்று எழுதி ஐந்து நட்சத்திரமும் கொடுத்திருந்தார். அதைப் படித்ததும் சுத்தியார் அந்தப் பெட்டிக்கே ஆர்டர் சொல்லிவிட்டார்.

மாட்ட வந்த மெக்கானிக் சுற்றிலும் ஸ்பீக்கர்களை வைத்து, வயரெல்லாம் இழுத்து, கடைசியில் சோபாவில் சுத்தியார் உட்காரும் இடத்தில் ஒரு சின்ன மைக்கை நிறுத்தினார். பெட்டி தானே சத்தம் போட்டு, அந்த மைக் வழியாகத் தானே கேட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அளவு வைத்துக்கொள்ளுமாம். அதுவரை யாரும் பேசக்கூடாது என்றார்.

"என் வீட்டுல என் சோபாவுல ஒரு மைக்கு உக்காந்திருக்கு, நான் நின்னுட்டு இருக்கேன்" என்றார் சுத்தியார்.

"பேசாதீங்க சார், மறுபடி முதல்லருந்து வரும்."

எல்லாம் முடிந்து படம் ஓடியது. இடது பக்கம் இடி இடித்தது. வலது பக்கம் யாரோ கம்பளிக்குள்ளிருந்து பேசுவது போல் இருந்தது. சுத்தியார் எழுந்து வலது ஸ்பீக்கர் அருகே போய்க் குனிந்தார். நன்றாகவே பேசியது. திரும்பி வந்து உட்கார்ந்தார். செத்துவிட்டது.

"பக்கத்துல போனா நடிக்குது. வந்து உக்காந்தா ஏமாத்துது" என்றார்.

அவர் குனிந்தபோதெல்லாம் தலையை வளைத்து இடது காதைத்தான் கொடுத்தார் என்பதை மனைவி பார்த்தார். பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

மெக்கானிக் கிளம்பியதும் சுத்தியார் கைப்பேசியில் பேசியே அந்தப் பதிவை ஏற்றினார். மறுநாளே கீழே ஆட்கள் கூடிவிட்டார்கள். "எனக்கு ரெண்டு பக்கமும் நல்லா வருது, வயரைப் பாருங்க" என்றார் ஒருவர். "பொட்டிய மாத்தறதுக்கு முன்னாடி காதக் கழுவிப் பாருங்க ஐயா" என்று ஒரு விளையாட்டுப் பிள்ளை எழுதியிருந்தது. "நீ உன் வாயக் கழுவு" என்று பதில் போட்டுவிட்டுத்தான் சுத்தியார் சாப்பிட உட்கார்ந்தார். மகனும் அந்தப் பக்கத்தைப் படித்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லாமல் இருந்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

பதிவைப் பார்த்த கடைக்காரர்கள் மெக்கானிக்கை மறுபடி அனுப்பினார்கள். அவர் முதலில் இரண்டு பக்க ஸ்பீக்கர்களையும் இடம் மாற்றி வைத்தார்.

"இப்ப எந்தப் பக்கம் வரல சார்?"

"வலதுதான்."

பெட்டிக்குப் பின்னால் போய் வயர்களையும் இடம் மாற்றிச் சொருகினார்.

"இப்ப?"

"அதே வலதுதான். எத்தன தடவ கேட்டாலும் வலதுதான். நான் என்ன பொய்யா சொல்றேன்?"

மெக்கானிக் சுத்தியாரின் மனைவியைப் பார்த்தார். மனைவி நேராக இருந்த திரைச்சீலையை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"சரிங்க சார், பொட்டிய எடுத்துட்டுப் போறேன். ஆபீஸ்ல கேட்டுட்டு வேற ஒண்ணு..."

அவர் சொன்னதைச் சுத்தியார் கவனிக்கவில்லை. வயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று எத்தனையோ பேர் அவரிடம் வந்திருக்கிறார்கள். டயர்களைப் பக்கம் மாற்றிப் போட்டுப் பார்ப்பார். அப்போதும் அதே பக்கம் இழுத்தால், "டயரத் திட்டாதய்யா, உன் வண்டி உடம்பு கோணிப்போச்சு" என்று சொல்லி அனுப்புவார். அதைச் சொல்வதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம்கூட உண்டு.

"பொட்டி இங்கயே இருக்கட்டும். நீ கிளம்பு தம்பி" என்றார்.

மெக்கானிக் போனதும் மனைவியைக் கூப்பிட்டார். "அந்த முனையப் பிடி." இருவரும் சோபாவைத் தூக்கி, டிவிக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டார்கள். அவர் உட்கார்ந்தார். இத்தனை நாள் செத்துக் கிடந்த பக்கம் வாய் கிழியப் பேசியது. பேசிக்கொண்டிருந்த பக்கம் செத்துப் போயிருந்தது.

சுவரைப் பார்த்தபடியே மனைவியிடம் கேட்டார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் மனைவி.

"எப்பலருந்து?"

"நான் உங்க வலது பக்கம் நின்னு கூப்பிட்டா, இடது பக்கம் திரும்பி என்னன்னு கேக்க ஆரம்பிச்சீங்களே, அப்பலருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என் வாயி சரியில்லன்னு சொல்லியிருப்பீங்க."

உண்மையிலேயே அப்படித்தான் சொல்லியிருப்பார்.

சாயங்காலம் மகன் வந்து வாசலிலேயே நின்றுவிட்டான். "என்னப்பா, சுவரப் பாத்து உக்காந்திருக்கீங்க?"

"இந்த வீட்டுல எதிர்த்துப் பேசாதது அது ஒண்ணுதான்."

காதைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. சொன்னால் பட்டறை போய்விடும். டாக்டர், வாடகை, செல்போன் கடை என்று மகன் ஒரே மூச்சில் முடித்துவிடுவான். பிறகு அந்த இடத்தில் கண்ணாடி அலமாரிக்குள் கைப்பேசி உறை தொங்கும். இவர் காலையில் எழுந்து எங்கே போவது?

மறுநாள் பட்டறையில் ஒரு காரின் கதவு காத்திருந்தது. நசுங்கின தகரத்தைத் தட்டினால், இழுத்துக்கொண்ட இடம் ஒரு மாதிரியும் தொய்ந்த இடம் ஒரு மாதிரியும் சத்தம் கொடுக்கும். காதால் பார்க்கிற வேலை அது. ஊரெல்லாம் அவர் பெருமை பேசியது அந்தக் காதைப் பற்றித்தான். சுத்தியலை எடுத்துத் தட்டினார். தலையைத் திருப்பிக்கொண்டு தட்டினார். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று தட்டினார். எல்லாம் ஒன்று போலவே கேட்டது. வேன் முதுகுக்கு வந்தபோது வராத பயம் இப்போது வந்தது.

"என்னண்ணே, கதவத் தட்டித் தட்டி யாரக் கூப்பிடறீங்க?" என்றார் பெயின்டர்.

"சத்தம் பாக்கறேன்."

"சத்தமா? நீங்க சத்தம் பாத்து எவ்வளவோ காலமாச்சே. துணியப் போட்டுக் கையாலதான தடவிப் பாப்பீங்க. நானும் உங்கள மாதிரி தடவிப் பாத்திருக்கேன், எனக்குத் துணிதான் தெரியும்."

சுத்தியார் அவரை முறைத்தார். பிறகு தோளில் கிடந்த துணியை எடுத்துக் கதவின் மேல் விரித்து, உள்ளங்கையை வைத்து மெல்ல இழுத்தார். கைப்பிடிக்குக் கீழே ஒரு பள்ளம், அதை ஒட்டி ஒரு மேடு. இரண்டும் கைக்கு வந்து பெயர் சொல்லிவிட்டு நின்றன. காது எப்போதோ வேலையை விட்டுப் போயிருக்கிறது. கை சத்தமில்லாமல் அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறது. இவருக்கே சொல்லவில்லை.

கதவை முடித்த கையோடு பெயின்டரைக் கூப்பிட்டார். "பெஞ்சப் பேத்து எடுக்கணும், வா."

அந்த இரும்புப் பெஞ்சைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கியவரே சுத்தியார்தான். அசையாது என்று பெயர் வாங்கிய பெஞ்ச். அங்கே நின்றால் வாசல் வலது பக்கம் விழும். போல்ட்டை வெட்டி, பெஞ்சை எதிர்ச் சுவருக்குத் தள்ளி, வாசல் இடது பக்கம் விழும்படி மறுபடி முடுக்கினார்கள். பிறகு பெயின்டரை ஒரு வேனில் ஏற்றி, பின்னால் ஓட்டி வரச் சொன்னார். தான் குனிந்து நின்றுகொண்டார்.

"ஹாரன் கேட்டா கையத் தூக்குவேன். இன்னொரு தடவ வா. மெதுவா அடி. இன்னொரு தடவ."

ஒவ்வொரு தடவையும் கை மேலே போனது. கடைசியில் பெயின்டர்தான் சலித்துப்போய் இறங்கினார். "போதும்ணே, பெட்ரோல் தீந்துடும்."

அன்றைக்குச் சாயங்காலம் மகன் வரும்போதே பேசிக்கொண்டு வந்தான். "அப்பா, செல்போன் கடைக்காரர் நாளைக்குப் பட்டறையப் பாக்க வர்றேன்னு..."

"வலது காது போச்சு" என்றார் சுத்தியார்.

மகன் தோள்பையைக் கீழே வைத்தான்.

"டாக்டர் வேணாம், அந்தப் பொட்டியே சொல்லிடுச்சு. ஆனா டாக்டர்கிட்டயும் வர்றேன், இருக்கற காதக் காப்பாத்திக்க. பட்டறையக் குடுக்கறதுக்கு இல்ல. நாளைக்கு அந்த ஆள் வந்தா வண்டி நசுங்கியிருக்கான்னு கேப்பேன். இல்லன்னா போகச் சொல்லிடுவேன்."

"நான் உங்களுக்காகத்தான்பா சொன்னேன்."

"எனக்காகன்னா பெஞ்ச நகத்தியிருப்ப. நீ பட்டறையையே நகத்தப் பாத்த."

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். இந்த முறை எதையும் நேராக்கவில்லை.

மகன் தணிந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டான். "அந்தப் பழைய பதிவையாவது அழிச்சிடட்டுமா? நாலு பேர் சிரிப்பாங்க."

"நான் போட்டத நான் ஏன் அழிக்கணும்? அதுக்குக் கீழயே இன்னொண்ணு போடு. நான் சொல்றேன், நீ அடி."

இப்படித்தான் அந்தப் பக்கத்தில் இரண்டாவது கருத்து ஏறியது.

"வலது பக்கம் செத்துப்போச்சுன்னு சொன்னவனேதான் பேசறேன். செத்தது பொட்டி இல்ல, என் காது. பொட்டி நல்ல பொட்டி, அஞ்சு நட்சத்திரம். ஒத்தக் காது உள்ளவங்க சோபாவ வலது சுவர் பக்கமாத் தள்ளிப் போடுங்க, ஸ்பீக்கர் எல்லாம் இடது பக்கம் வந்துடும். அந்த மைக்கையும் இடது காது இருக்கற இடத்துல வச்சு அளவெடுக்கச் சொல்லுங்க. காதக் கழுவச் சொன்ன தம்பிக்கு ஒரு வார்த்த: நீ சொன்னதுல பாதி சரி. மிச்சப் பாதிக்கு நேர்ல வா. பட்டற தெறந்துதான் இருக்கு."

சோபா மறுபடி டிவியைப் பார்த்துத் திரும்பி, வலது சுவர்ப் பக்கம் போயிற்று. சுவருக்கும் சோபாவுக்கும் நடுவில் ரிமோட் வைக்க ஒரு ஸ்டூல் போட்டார்கள். கழுத்து வலிக்கிறது என்று மனைவி சொல்லிப் பார்த்தார். ஐந்து ஸ்பீக்கரும் இடது பக்கத்திலிருந்து ஒன்றாய்ச் சேர்ந்து பேச, சுத்தியார் ஒரு முதலாளியைப் போல் உட்கார்ந்து கேட்டார். ஜன்னலும் அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் சண்டைக்கு வரவில்லை என்பதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் குறை.

அந்த வார விடுமுறையில் மகன் மாடியிலிருந்து இறங்கி வந்து, ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். உதடு அசைவது ஓரக்கண்ணில் தெரிந்தது. சுத்தியார் தலையைத் திருப்பவில்லை.

"செல்போன் கடையப் பத்தின்னா அங்கயே உக்காந்து பேசு" என்றார். "வேற எதுன்னாலும் இந்தப் பக்கம் வா."

மகன் ரிமோட்டைச் சோபாவில் வைத்தான். பிறகு எழுந்து, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, சோபாவைச் சுற்றி இடது பக்கம் வந்து போட்டு உட்கார்ந்தான்.