மருதஞ்சேனைக் குளக்கட்டில் ஒரு கலியாண நாள்

மண்முனையில் பாலம் வந்த பிறகு படுவான்கரைக்குப் போவது பெரிய காரியமில்லை. நான் முதன்முதலாகப் போன காலத்தில் அது ஒரு முழு நாள் பயணம். அறுபதுகளின் நடுப்பகுதி, தை மாதம். கன்னியர் மடப் பள்ளியில் என்னோடு படித்த புவனத்துக்குக் கலியாணம். அவள் விடுதியில் தங்கிப் படித்தவள், ஊர் மருதஞ்சேனை. நானோ கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வளர்ந்தவள். வாவிக்கு மேற்கே என்ன இருக்கிறது என்றே பார்த்ததில்லை. தனியாக அனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை. அந்தோனி அண்ணன் துணைக்கு வந்தான்.

கல்லடியிலிருந்து மண்முனைத் துறைக்கு பஸ்ஸில் ஆறு மைலளவு. ஆளுக்கு முப்பது சதம் என்று நினைவு. துறையில் வாவியைக் கடக்கப் ‘பாதை’ நின்றது. வெளியூர்க்காரர் வீதி என்று நினைத்துவிட வேண்டாம். வள்ளங்களை இணைத்து, மேலே பலகை பரப்பிய மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். மழை அப்போதுதான் விட்டிருந்தது. வாவியும் வானமும் ஒரே சாம்பல் நிறம். அக்கரையில் புவனத்தின் அப்பா அனுப்பிய மாட்டு வண்டி காத்திருந்தது.

அங்கிருந்து எட்டு மைல். கொக்கட்டிச்சோலை தாண்டியதும் வட்டை தொடங்கியது. வரம்பு வரம்பாக ஒரே வயல்வெளி, கண்ணுக்கு எட்டிய மட்டும், கதிர் உள்ளே பொதிந்த குடலைப் பருவத்து நெல். கடலைத் தவிர இவ்வளவு பெரிதாக வேறொன்றை நான் கண்டதில்லை. அண்ணன் வாயாடி, அவன்கூடப் பேச்சை நிறுத்திவிட்டான். பல இடங்களில் வண்டிப்பாதை தண்ணீருக்குள் கிடந்தது. சில்லு பாதிக்கு மேல் முங்கும்போது நான் மரியாளை வேண்டிக்கொண்டேன்.

மருதஞ்சேனை சின்ன ஊர். ஐம்பது வீடுகூட இராது. ஒரு பிள்ளையார் கோயில், ஒரு கடை, எல்லாவற்றுக்கும் பின்னால் குளம். நாங்கள் போய்ச் சேரும்போது மாலை. புவனத்தின் வீட்டு முற்றத்தில் புதுக் கிடுகு வேய்ந்த பந்தல். ஓரத்தில் கலியாணத்துக்கு வந்த அரிசி மூட்டைகள். அவளுடைய அப்பா அந்த ஊரின் வட்டை விதானை. குளத்துத் தண்ணீரைப் பங்கிட்டு வயல்களுக்குத் திறந்துவிடும் பொறுப்பு அவருடையது. கலியாண வேலைக்கு நடுவிலும் அன்று இரண்டு தடவை குளக்கட்டுக்குப் போய்வந்தார் என்று புவனம் சொன்னாள்.

மறுநாள் காலை அவளை முழுக்காட்டித் தலை பின்னிக்கொண்டிருந்தோம். ஒருவர் ஓடிவந்து முற்றத்தில் நின்றார். தண்ணீர் திறக்கும் மதகான துருசுக்குப் பக்கத்தில் கட்டுக்கு அடியால் தண்ணீர் வருகிறது என்றார். தெளிந்த தண்ணியா, கலங்கலா என்று விதானை கேட்டார். “கலங்கல்தான்,” என்றார் வந்தவர். விதானை தோளில் கிடந்த புதுச் சால்வையைத் திண்ணையில் போட்டுவிட்டு நடந்தார். கலங்கலாக வந்தால் கட்டின் மண் உள்ளே கரைகிறது என்று பொருள். கட்டு உடைந்தால் நாங்கள் வந்த வழியில் கண்ட அத்தனை பச்சையும் போய்விடும். ஊரும் பள்ளத்தில்தான் இருந்தது.

சிறிது நேரத்தில் வீட்டில் ஆண்கள் யாருமில்லை. பெண்கள் அரிசி மூட்டைகளைப் பிரித்துப் பாயில் கொட்டிச் சாக்குகளைக் கொடுத்தனுப்பினார்கள். பிறகு பந்தலையே பிடுங்கினார்கள். கால்கள் முளையடிக்க, கிடுகு ஓட்டையை அடைக்க. புவனம் எழுந்து சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டாள். முழுக்காட்டிய பெண் தாலி ஏறுமுன் படி இறங்கக் கூடாது என்று அவளுடைய அம்மா வழி மறித்தார்.

“குளத்துக்குக் கீழ இரிக்கிற வயல்தான் எனக்குத் தந்த சீதனம் அம்மா,” என்றாள் புவனம். “அது போனா கலியாணம் முடிச்சு இந்த வீட்டில நான் எதக் காய்ச்சுற? விடுங்க, போயிட்டு வாறன்.”

அம்மா மறித்த கையை எடுத்தார். ஓர் ஓலைக் கடகத்தை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தார்.

கட்டின் மேல் ஏறியபோதுதான் குளத்தை முழுதாகக் கண்டேன். காட்டின் அடிமரம் வரைக்கும் தண்ணீர். கட்டின் விளிம்புக்கும் அலைக்கும் இடையில் ஒரு சாண் இருக்கலாம். மறுபுறம் அடிவாரத்தில் சேறு குமிழ் விட்டுக் கொப்பளித்தது. குளத்துப் பக்கம் ஆண்கள் மாறி மாறி முங்கி, வைக்கோலும் களிமண்ணும் அடைத்த சாக்குகளைத் துவாரத்தின் வாயில் திணித்தார்கள். இழுவை அவர்களையும் உள்ளே இழுத்தது. இடுப்பில் கட்டிய கயிற்றை மேலிருந்து பிடித்திருந்தார்கள். நாங்கள் வரிசையில் நின்று மண் கடகம் கைமாற்றினோம். எனக்கு இடப்பக்கம் புவனம், வலப்பக்கம் அண்ணன். என் புதுச் சேலை முழங்கால் வரை களி.

அந்த நேரத்தில் மேளச் சத்தம் கேட்டது. வீதி வெள்ளத்தில் கிடந்ததால் மாப்பிள்ளை வீட்டார் கட்டு வழியாகவே வந்துகொண்டிருந்தார்கள். தலைப்பாகையும் மாலையுமாக மாப்பிள்ளை, பக்கத்தில் அவருடைய அம்மா, கூறைச் சேலைப் பெட்டியோடு பெண்கள். எங்களைக் கண்டதும் மேளம் நின்றது. பெண்ணை அவர்கள் கண்டுகொண்டார்கள். நெற்றியில் மஞ்சள், கையில் மண். அபசகுனம் என்று திரும்பிவிடுவார்களோ என்று பயந்தேன். புவனம் தலை குனியவில்லை. கடகத்தை என் கையில் தந்துவிட்டு அடுத்ததுக்குத் திரும்பினாள்.

மாப்பிள்ளை தலைப்பாகையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். மாலையையும் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் ஓர் இடத்தில் நின்றார். அவரோடு வந்த ஆண்கள் எல்லோரும் இறங்கினார்கள். மேளகாரர் மட்டும் எங்கே நிற்பதென்று தெரியாமல் பார்த்தார்.

“நீங்க அடிங்க அண்ண,” என்றார் விதானை தண்ணீருக்குள் இருந்தபடி. “கை ஓயாம இரிக்கும்.”

அவர் அடித்தார். அந்த அடிக்கு ஏற்றபடி கடகங்கள் நகர்ந்தன. இரண்டு ஊர்ச் சனமும் ஒரே தாளத்தில் குனிந்து நிமிர்வதைப் பார்க்க எனக்கு மெய்சிலிர்த்தது. கோயிலிலும் எனக்கு அப்படி வந்ததில்லை.

உச்சி வெயிலுக்குப் பிறகு கொப்பளிப்பு தணிந்தது. பிறகு வெறும் கசிவு. அதுவும் தெளிந்த தண்ணீர். விதானை அதைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். முகூர்த்தம் எப்போதோ தப்பியிருந்தது. அடுத்து என்ன என்று தெரியாமல் எல்லோரும் நின்றோம். மாப்பிள்ளையின் அம்மா வந்தார். தன் பட்டுச் சேலைத் தலைப்பால் புவனத்தின் முகத்துச் சேற்றைத் துடைத்தார்.

“வா புள்ள, கூறை உடுப்பம்,” என்றார்.

பந்தல் இல்லாத முற்றத்தில், வெட்ட வெளியில், பொழுது சாயுமுன் தாலி ஏறியது. பாயில் குவிந்து கிடந்த அரிசியில்தான் சோறு ஆக்கினார்கள். அன்று சாப்பிட்ட எல்லோர் நகத்திலும் களி இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: இப்போது கல்லடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு மணித்தியாலம் போதும். தையில் போங்கள்; குளமும் வயலும் நிறைந்திருப்பது அப்போதுதான். மழை பெய்தால் கொக்கட்டிச்சோலையில் வழி கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். தங்குமிடம் கிடையாது, குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள். ஊராரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் குளக்கட்டில் ஏறுங்கள். ஒரு பக்கம் உங்கள் பாதத்தைத் தொடுகிற அளவில் தண்ணீர் நிற்கும். மறுபக்கம், அந்தத் தண்ணீரைவிட வெகு கீழே, நெற்கதிர்கள். நடுவில் இருப்பது நீங்கள் நிற்கிற மண் மட்டும்.