சாப்பாட்டு அறை ராசிபலன்

நகராட்சி அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் தட்டச்சு செய்தவரை எல்லோரும் டைப்பிஸ்ட் அக்கா என்றே கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு அவர் ஏங்குவது சாப்பாட்டு அறைக்காகத்தான். நீள மேசை, ஆடுகிற பெஞ்சு, ஜன்னலோரம் ஒரு கரும்பலகை. கூட்ட அறிவிப்பு எழுத வாங்கிய பலகை அது, சும்மா கிடந்தது.

ஒருநாள் விளையாட்டாக அதில் ராசிபலன் எழுதினார். "கன்னி: மேலதிகாரி உங்களைத் தேடுவார், நீங்கள் டீக்கடையில் இருப்பீர்கள்." பதிவறை குமாஸ்தா புரையேறச் சிரித்தார். அப்புறம் அது தினப்படி வேலையாகிவிட்டது. யாருக்கு என்ன ராசி என்பது அக்காவுக்கு அத்துப்படி. முகம் கொடுத்துப் பேசாத இருவரை ஒரே பலன் எழுதிச் சிரிக்கவைத்து, சேர்த்தும் வைத்திருக்கிறார்.

புதிதாக வந்த நகராட்சித் தலைவரும் மதியத்தில் எட்டிப் பார்ப்பார். எது தன் ராசி என்று சொல்லாமலே படித்துவிட்டுப் போவார். அக்காவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

ஒரு வியாழக்கிழமை விருச்சிகத்துக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேசையில் தண்ணீர் கொட்டியிருந்தது. "தண்ணீர் விஷயத்தில் கவனம்" என்று எழுதி வைத்தார்.

மறுநாள் ரயிலடிக் குடியிருப்புக்குப் புதுக் குடிநீர்க் குழாயைத் தலைவர் திறப்பதாக இருந்தது. விழா தள்ளிப்போனது. ஒரு வாரமாகியும் தேதி வராததால் அக்கா இன்ஜினியரிடம் கேட்டார்.

"குழாயில ஏதாவது கோளாறா சார்?"

"குழாய் நல்லாத்தான் இருக்கு. தலைவர் விருச்சிகமாம். தண்ணி ஆகாதுன்னு உங்க பலகையில போட்டிருந்ததாம்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று மாலையே அந்தக் குடியிருப்புக்கு நடந்தார். லாரித் தண்ணீருக்காகக் குடங்கள் வரிசையாக நின்றன. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, பூட்டிக் கிடந்த புதுக் குழாயின் மேடையில் குடத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அக்கா தலைவர் முன்னால் நின்றார். "ஐயா, அதெல்லாம் நானா கட்டி விடறது. எனக்கு ஜோசியத்துல அனா ஆவன்னா தெரியாது."

"தெரியாம எழுதறதுதாம்மா பலிக்கும்," என்றார் தலைவர், கோப்பிலிருந்து நிமிராமல்.

அக்கா நேரே சாப்பாட்டு அறைக்குப் போனார். "விருச்சிகம்: நாளை தண்ணீரைத் தொட்டால் பேர் நிலைக்கும்." மறுநாள் பத்து மணிக்குக் குழாய் திறந்தாயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள், அக்காவுக்குக் கை எழவில்லை. உண்மையைச் சொன்னபோது அசையாத மனிதர், சாக்கட்டிக் கிறுக்கலுக்கு அசைந்துவிட்டாரே.

அன்றே பலகையைத் துடைத்து, இனி எழுதுவதில்லை என்றார். குமாஸ்தாவுக்குக் கோபம். "நாங்க நம்பவா செஞ்சோம்? சும்மா சிரிச்சோம்."

"நாம கூடி நின்னு படிக்கிறதப் பார்த்துத்தானே அவரும் படிச்சாரு."

"அவர் வீட்டுலயும் நாள் பார்க்கிறவர்தான். உங்களால கெட்டுப்போகல."

இருக்கலாம். அக்காவுக்கு இன்றுவரை அது நிச்சயமாகத் தெரியாது.

அடுத்த மாதமே தலைவர், விழாக்களுக்கு நாள் குறிக்க ஒரு ஜோசியரை அமர்த்தினார். கூடாதென்று அக்கா ஒரு மனு தட்டச்சு செய்து முதல் கையெழுத்துப் போட்டார். மொத்தம் ஆறு கையெழுத்துதான் விழுந்தது. மனுவும் எந்த அலமாரியிலோ தூங்கிப்போனது. ஆனால் ஆறில் ஒன்று தலைவருடைய டிரைவருடையது.

"உங்களுக்கு வம்பு எதுக்குங்க?" என்று அக்கா தடுத்துப் பார்த்தார்.

"நானும் விருச்சிகந்தான் அக்கா. தினமும் நாலு பக்கெட் தண்ணி ஊத்தி அவர் காரைக் கழுவறேன், ஒண்ணும் ஆகலையே."

அதைச் சொல்லும்போது அக்கா இப்போதும் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார்.