முதல் வரியில் சொல்லாதது

தலத்தெரு டியூஷன் சென்டரில் நான் கணக்கு வாத்தியார், அவர் தமிழ் வாத்தியார். ஒட்ட வெட்டிய நரைமுடி, கசங்காத வெள்ளைச் சட்டை. கட்டுரையில் ஒவ்வொரு பத்தியின் முதல் வரியிலும் விஷயம் வந்துவிட வேண்டும் அவருக்கு. வராத பத்தியைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்துவிடுவார். அடுத்த வரியை 'மேலும்', 'எனவே' என்று தொடங்காமல் 'அப்புறம்' என்று தொடங்கிய பிள்ளை தொலைந்தது. டீக்கடையிலும் இதே பாடுதான்: "விஷயம் சர்க்கரைங்க. எனவே, எனக்குப் போட வேண்டாம்." எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு சனிக்கிழமை காலை வாசலிலேயே நின்று என்னைக் கூப்பிட்டார்.

"பத்தாவது பசங்களை இன்னைக்கு நீங்க பாத்துக்குங்க சார். கடல் மாசு கட்டுரையில முன்னுரை முடிஞ்சிருக்கு. மேலும், அடுத்த பத்தியை அவங்களே எழுதட்டும். அப்புறம்... எங்க வீட்டம்மா விடியக்காலைல தவறிட்டாங்க."



"என்ன சார் இது! இதை முதல்ல சொல்ல மாட்டீங்களா?" என்று கத்தியேவிட்டேன்.

"முதல்ல சொல்லியிருந்தா அடுத்த வரி வந்திருக்காதுங்க" என்றார். திரும்பிப் போய்விட்டார்.

பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமே என்று போய்ப் பலகை முன் நின்றேன். எனக்கு முதல் வரியே வரவில்லை.