மூன்றாவது பலகை

பிள்ளைகளே, கடைக்குப் போனால் நான் ஒரு சாமானை மூன்று விதமாய்க் கேட்கிறேன் என்று நீங்கள் எனக்குப் பின்னால் நின்று சிரிக்கிறீர்கள். போன கிழமை வெள்ளவத்தைக் கடையில் "உப்பு" என்றேன். பிறகு "லுணு" என்றேன். அதுவும் போதாதென்று நாக்கைத் தொட்டுக் காட்டினேன். சிங்களத்தில் உப்புக்கும் வெங்காயத்துக்கும் ஒரு இழுப்புத்தான் வித்தியாசம். முதலாளி, "வெளங்குது ஐயா, வெளங்குது. நாக்கு உள்ளே போடுங்க" என்று சொல்ல, கடையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். சின்னவள் வெட்கப்பட்டு என் கையை விட்டுத் தள்ளி நின்றாள்.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கும் அது முழுதாய்த் தெரியாது. கொட்டாஞ்சேனை மாமி உயிரோடு இருக்கும் வரை எழுதக் கூடாது என்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனால் தேத்தண்ணியில் பேக்கரிப் பாண் தோய்த்து உங்களுக்குத் தருவாரே, அந்த மாமிதான். தவக்காலத்தில் அவர் கண்ணை மூடிவிட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டாம்.

உலக யுத்த காலம் அது. துறைமுகத்தில் கப்பல்கள் இடமில்லாமல் வெளியே காத்து நின்றன. பெரிய கப்பல் கரைக்கு வராது, நடுவில் நிற்கும். அதிலிருந்து அரிசி, மா, நிலக்கரி எல்லாவற்றையும் மரத்தோணிகளில் இறக்கித்தான் கரைக்குக் கொண்டு வர வேண்டும். அந்தத் தோணிகளை இழுத்து ஏற்றிப் பழுது பார்க்கும் பட்டறையில் எனக்கு வேலை. தோணியின் அடியில் மல்லாந்து படுத்து, மரச்சுத்தியலால் ஒவ்வொரு பலகையாய்த் தட்டிக் கேட்பது என் பொறுப்பு. நல்ல பலகை 'டங்' என்று பதில் சொல்லும். புழு தின்ற பலகை அப்படிச் சொல்லாது. வெளியே குண்டூசி போன ஓட்டைதான் தெரியும். உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும். தட்டினால் தேத்தண்ணியில் ஊறின பாணைத் தட்டின மாதிரி ஒரு சத்தம். மாமி வீட்டில் நான் மட்டும் பாண் தோய்த்துச் சாப்பிடாதது அதனால்தான்.

தட்டிப் பார்த்து வெண்கட்டியால் அடையாளம் போடுவேன். வட்டம் போட்டால், தச்சன் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டுப் புதுப் பலகை போட வேண்டும். கோடு போட்டால், பலகை நல்லது, இடுக்கு மட்டும் ஒழுகுகிறது. பஞ்சை முறுக்கி இடுக்கில் வைத்து உளியால் அடித்து இறுக்கி, மேலே கீல் பூச வேண்டும். அந்த வேலையைக் கலப்பத்து என்போம். எங்கள் கலப்பத்துக்காரர் ஒரு சிங்களவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை 'அய்யே' என்பேன், அவர் என்னை 'மல்லி' என்பார்; சிங்களத்தில் அண்ணன், தம்பி. அவர் அடைத்த இடுக்கில் சவர அலகும் நுழையாது. அவருக்குத் தமிழ் பாதி, எனக்குச் சிங்களம் பாதி. வட்டத்துக்கும் கோட்டுக்கும் பாஷை வேண்டியிருக்கவில்லை. அதனால் பல வருஷம் எங்களுக்குள் ஒரு பிழையும் வரவில்லை.

மாமியின் புருஷன் ஒரு தோணியில் தண்டல். தோணிக்காரர்களின் தலைவனைத் தண்டல் என்பார்கள். நாங்கள் ஒரே தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்து, ஒரே பைப்பில் தண்ணீர் பிடித்தவர்கள். சொந்தம் இல்லாவிட்டாலும் என்னை 'மச்சான்' என்றுதான் கூப்பிடுவார். நல்ல பகிடிக்காரன். ஒரு விஷயத்தில் மட்டும் பகிடி இல்லை. அவருடைய தோணி பட்டறையை விட்டு இறங்கும் போதெல்லாம் என்னிடம் வந்து, "மச்சான், ஏறலாமா?" என்று கேட்பார். நான் 'ஓம்' என்றால் ஏறுவார். ஓவர்சியர் கையெழுத்துப் போட்ட கடுதாசியை அவர் பார்ப்பதே இல்லை. "அந்தாள் கதிரையில இருந்து கையெழுத்து வைக்கிறார். நீ சேத்துக்குள்ள கிடந்து பாக்கிறாய்" என்பார். அவருக்கு நீச்சல் தெரியாது. துறைமுகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அந்த வருஷம் வைகாசி மழை விடாமல் பெய்தது. அவருடைய தோணியை இழுத்து ஏற்றினார்கள். மிகப் பழைய தேக்குத் தோணி. அடியில் படுத்தால் மழை பலகை வழியே வழிந்து என் கண்ணில் விழுந்தது. வெண்கட்டி பிடிக்கவில்லை. கோடு இழுத்தால் பால் மாதிரிக் கரைந்து ஓடிற்று. அய்யே தோணிக்கு மற்றப் பக்கத்தில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். "மல்லி, வெண்கட்டி வேணாம். நீ சத்தம் போட்டு சொல்லு, நான் கத்தியால பலகையில அடையாளம் வெட்டி வைக்கிறன்" என்றார்.

அது சுகமாய்த்தான் இருந்தது. நான் படுத்தபடியே தட்டித் தட்டி, 'நல்லது', 'ஒழுகுது' என்று சொன்னேன். அவர் ஒவ்வொன்றாய் வெட்டி வைத்தார். நடுவில் அவர், "மல்லி, ஒனக்கு நல்ல கொரல். கோயில்ல பாட விடுறது இல்லயா?" என்று கேட்டார். "பாடினால் சனம் கோயிலுக்கு வராது அய்யே" என்றேன். சிரித்தோம். அப்போதுதான் பின்பக்கத்தில், அடிமரத்திலிருந்து மூன்றாவது பலகையைத் தட்டினேன். பாண் சத்தம். குத்தூசியை வைத்து அமுக்கினேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"மூண்டாவது பலகை! புளு!" என்று கத்தினேன்.

புழுவை நாங்கள் வாயால் 'புளு' என்றுதான் சொல்கிறோம். நீங்களும் அப்படித்தான் சொல்கிறீர்கள்.

அவர் அங்கிருந்து, "புளுன்த?" என்று கேட்டார்.

மழைச் சத்தத்தில் எனக்கு 'புளுவா?' என்று கேட்ட மாதிரி இருந்தது. "ஓம் அய்யே, புளு! நிறைய!" என்றேன்.

"ஹரி, ஹரி" என்று சரி சொன்னார்.

சிங்களத்தில் புளுன் என்றால் பஞ்சு.

அடுத்த இரண்டு நாளும் என்னை இன்னொரு தோணிக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் எங்கள் கோயில் பெருநாளின் முதல் நாள். கிறிஸ்தவ வேதக்காரருக்கு அரை நாள் லீவு. நான் பட்டறைப் பைப்பில் உடம்பைக் கழுவி, உங்கள் அம்மா கஞ்சி போட்டுத் தேய்த்துத் தந்த வெள்ளைச் சேட்டும் வெள்ளைச் சாரமும் உடுத்திக்கொண்டு புறப்பட்டேன். தண்டலின் தோணி தார் பூசி முடிந்து கறுப்பாய் மினுங்கிக்கொண்டு நின்றது. மறுநாள் காலை இறக்குவதற்கு ஆயத்தம். அய்யே என்னைக் கண்டதும் கீல் வாளியைக் கீழே வைத்துக் கும்பிட்டார்.

"அம்மோ! பாதர் வாறார், பாதர் வாறார்! பாதர், எனக்கும் ஒரு ஆசீர்வாதம்!"

"கீல் கையோட கிட்ட வராதீங்க அய்யே" என்றேன்.

அந்த நேரம் தண்டல் வந்தார். தோணியைச் சுற்றி ஒருதரம் நடந்தார். பிறகு வழக்கம் போல என் முன்னால் வந்து நின்றார்.

"மச்சான், ஏறலாமா?"

இதைத்தான் நீங்கள் கவனமாய் வாசிக்க வேண்டும். நான் குனிந்து தோணியின் அடியைப் பார்த்தேன். பலகை மாற்றினால் கீழே மரச்சீவல் கிடக்கும். சீவல் ஒன்றும் கிடக்கவில்லை. மழை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது சரியில்லை. அப்படி நினைக்க விரும்பினேன். அடியில் கணுக்கால் அளவு சேறு, அதன் மேல் தாரும் சிந்திக் கிடந்தது. மூன்றாவது பலகையைத் தட்ட வேண்டுமென்றால் அதற்குள்தான் மல்லாந்து படுக்க வேண்டும். நான் நின்றபடியே கைக்கெட்டின மேல்பலகையை விரல் முட்டியால் தட்டினேன். 'டங்' என்றது. அய்யேயைப் பார்த்து, "மூண்டாவது பலகை முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"ஹரி மல்லி. அது நான் ரெண்டு தரம் செஞ்ச. நல்ல ஹரி."

தண்டல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கோயில் மணி அடிக்கத் தொடங்கியிருந்தது.

"ஓம், ஏறு" என்றேன்.

"அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்று சொல்லி, என் சேட்டின் காலரை இரண்டு விரலால் நீவிவிட்டுப் போனார்.

நான்கு நாள் அந்தத் தோணி மிதந்தது. ஐந்தாம் நாள் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு கப்பலிலிருந்து திரும்பும்போது பின்பக்கத்தால் தண்ணீர் வந்தது. ஒழுகி வரவில்லை, ஒரு பலகையே உள்ளே விழுந்துவிட்டது என்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் நாலு பேர். நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள், ஒருவன் துடுப்பைப் பிடித்துக்கொண்டு மிதந்தான். தண்டல் பின்பக்கத்தில் நின்று சாக்கை மடித்து அந்த ஓட்டையில் திணித்துக்கொண்டு இருந்தாராம். மூட்டைகள் அவர் மேல் சரிந்தன. அடுத்த நாள் காலை அவரைக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். காதுக்குள்ளும் சட்டைப் பைக்குள்ளும் அரிசி ஊறிப் பருத்திருந்தது. மாமி அதைத் தன் சேலைத் தலைப்பால் ஒவ்வொன்றாய் எடுத்தார். அதை நான் பார்த்தேன்.

செத்த வீட்டில் அய்யே வெளியே சுவரோடு குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு விளங்கவே இல்லை.

"மல்லி, நீ நிறைய போடு எண்டு சொன்ன. நான் நிறைய போட்டன். ஒரு வாளி புளுன் போட்டன். பலகை மெத்துமெத்து எண்டு இருந்துது, அதுதான் மல்லி நிறைய கேட்டான் எண்டு நெனச்சன். எப்பிடித் தண்ணி வந்த? அனே, சொல்லு மல்லி, எப்பிடி வந்த?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வட்டத்துக்குப் பதில் அவர் கோடு வெட்டியதால் தச்சனிடம் அந்தப் பலகை போகவே இல்லை. புழு தின்ற பலகையின் ஓரத்தில் உளியை வைத்து, அவ்வளவு பஞ்சையும் அடித்து இறுக்கியிருக்கிறார். ஒவ்வொரு அடிக்கும் அது உள்ளே இன்னும் நொறுங்கியிருக்கும். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. நான் சொன்னதைத்தான் செய்தார்.

"கடல் சரியில்லை அய்யே" என்றேன்.

விசாரணை நடந்தது. அதற்கு முந்தின நாள் ஓவர்சியர் எங்களைக் கூப்பிட்டு, "பழைய தோணி, மோசமான கடல். அவ்வளவுதான் கதைக்க வேணும். கூடக் கதைக்கிறவன் பிறகு வேலைக்கு வரத் தேவையில்லை" என்றார். அவரைக் காரணம் காட்டி நான் தப்ப விரும்பவில்லை. அவர் அப்படிச் சொல்லாவிட்டாலும் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. பெரியவன் அப்போது பிறந்து மூன்று மாதம்.

விசாரணைக்காரத் துரை இங்கிலீசில் கேட்டார். மொழிபெயர்ப்பவர் தமிழில், "தோணி இறங்குமுன் நீர் அதைப் பரிசோதித்தீரா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அந்த 'ஓம்' அங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கும். பழைய தோணி, மோசமான கடல் என்று தீர்ப்பாயிற்று.

வெளியே வரும்போது மாமி நின்றுகொண்டிருந்தார். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரே கிட்ட வந்தார்.

"தம்பி, நீங்க உங்கட மனச வருத்த வேண்டாம். அவர் அண்டைக்கு வந்து சொன்னவர், 'மச்சான் பாத்திட்டான், பயமில்லை' எண்டு. நீங்க பாத்தும் நடந்தது எண்டால், அது ஆண்டவர் எழுதினதுதானே."

அதற்குப் பிறகு எத்தனை வருஷம் அந்த வீட்டுக்குப் போனேன். கூரைக்குத் தகரம் போட்டுக் கொடுத்தேன், கதவு செய்து கொடுத்தேன், உங்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போனேன். "என்ட தம்பி மாதிரி ஒருத்தர் இல்லை" என்று பைப்படியில் எல்லோருக்கும் சொல்வார். சொல்லவிட்டுக்கொண்டு இருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் சொன்னேன். அவர் மன்னிப்புத் தந்தார். ஆனால் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லவில்லை. அய்யேக்கும் சொல்லவில்லை. தான் அடைத்த இடுக்கு எப்படி விட்டது என்று கேட்டுக்கொண்டே அவர் வேலையை விட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டார். ஒரு சொல்லை மாறி விளங்கிக்கொண்டது எங்கள் இரண்டு பேருடைய பிழை. சேற்றில் படுக்காமல் நின்றது என்னுடைய பிழை மட்டும்தான்.

தோணியை இரண்டு மாதம் கழித்துக் கிளப்பி இழுத்து வந்து பட்டறை மூலையில் போட்டார்கள். இனி அது ஓடாது, விறகுக்கு வெட்டப் போகிறார்கள் என்று சொன்னார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, உங்கள் அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் அங்கே போனேன். நல்ல வெயில். காவற்காரன் கேட்டில் சோறு தின்றுகொண்டிருந்தான். என்னைத் தெரியும் என்பதால் ஒன்றும் கேட்கவில்லை. பட்டறையில் வேறு ஆள் இல்லை. என் சுத்தியலை எடுத்துக்கொண்டு, அந்த வெள்ளைச் சேட்டோடு தோணிக்குக் கீழே மல்லாந்து படுத்தேன்.

முன்பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஒரு பலகையையும் விடவில்லை. பெரும்பாலும் நல்ல பலகைகள். 'டங்', 'டங்' என்று பதில் சொன்னன. மூன்றாவது பலகையில் பாதிதான் மிஞ்சியிருந்தது. அதன் ஓரத்தில் அய்யேயின் பஞ்சு இன்னும் இறுகியபடி இருந்தது. விரலால் இழுத்தேன், வரவில்லை. மிஞ்சின பாதியைத் தட்டிக் கேட்டேன். பிறகு பைக்குள் இருந்த வெண்கட்டியை எடுத்து அதில் ஒரு வட்டம் போட்டேன். பலகை காய்ந்திருந்தது. வெண்கட்டி நன்றாகப் பிடித்தது.